வானுக்குள்ளிருந்து ஒரு ‘ஓம்’

அக்கா,

முன்கதவு நிலையை ஒருவர் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருக்கிறார். இத்தனை வருடமாகக் கேட்டும் காதில் போட்டுக்கொள்ளாத வீட்டுக்காரர் இந்த வருடம் என்ன நினைத்தாரோ, பெயின்ட் அடிக்க ஆளை அனுப்பிவிட்டார். மரத்தூளும் மண்ணெண்ணெய் மணமும் குசினி அடுப்புவரை வருகின்றன. தேத்தண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவர் நிலையின் ஓரத்தைக் காட்டினார்.

“மிஸ், இங்கன ஒரு கோடு இருக்குங்க. பக்கத்துல என்னமோ எழுதியும் இருக்கு. தேச்சு எடுத்துறவா?”

குனிந்து பார்த்தேன். கறுப்பு மையில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு. பக்கத்தில் உங்கள் சரிந்த கையெழுத்தில் ‘அரை’ என்று ஒரேயொரு சொல். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். “புள்ளைங்க ஒசரமுங்களா?” என்று கேட்டார். அது எந்தப் பிள்ளையின் உயரமும் இல்லை. இதற்குமேல் எந்தப் பிள்ளையும் வளர்ந்துவிடக் கூடாது என்று நீங்கள் போட்ட கோடு. இதை அவருக்கு விளக்குவதைவிட உங்களுக்கு எழுதுவது சுலபம். எழுதி எங்கே அனுப்புவது என்பது வேறு கதை.

நான் எவ்வளவு பயந்தவள் என்று உங்களுக்குத் தெரியும். பதுளைக் கந்தோருக்கு மாற்றலாகி வந்த முதல் நாள், உங்கள் பக்கத்து மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். வரவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும்போது என் பேனை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, “பேனைக்குக் காய்ச்சலாங்க?” என்று கேட்டீர்கள். நீங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் லயத்துக் காம்பராவில் பிறந்து, கொழுந்துக்கூடைக்குத் தப்பி, இலிகிதர் சோதனை பாஸ் பண்ணி வந்தவர். என் ஊர் யாழ்ப்பாணம் என்று தெரிந்த அன்றே எனக்கு ‘யாழ்ப்பாணத்தம்மா’ என்று பெயர் வைத்தீர்கள். அந்தப் பெயர் கடைசிவரை மாறவில்லை. கந்தோர்ப் பெரியவர் கூட்டிய கூட்டத்திலும் அப்படித்தான் கூப்பிட்டீர்கள்.

சமாதானம் வந்திருந்த காலம் அது. வீதித் தடைகளில் மணல் மூட்டைகள் இருந்தன, ஆள் இல்லை. நம் கந்தோர்க் கணக்காளர் குடும்பத்தோடு கொழும்புப் பக்கம் போய்வந்து, அவிசாவளைக்கு அப்பால் புதிதாகத் திறந்திருந்த பெரிய விளையாட்டுப் பூங்காவைப் பற்றி ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார். மலையளவு உயரத்திலிருந்து தண்ணீரோடு சறுக்கி விழலாமாம். தலைகீழாகச் சுற்றும் ராட்டினமாம். கடல் மாதிரி அலை அடிக்கும் குளமாம். உங்கள் இரண்டு பையன்களும் என் மகளும் அப்போது பதுளை பஸ் நிலையத்தைத் தாண்டி உலகம் பார்க்காதவர்கள். “நாமளும் போவோம்” என்றீர்கள் நீங்கள். இந்தா இருக்கிற பெரகலைக்குப் போய்வருவோம் என்பது போலச் சொன்னீர்கள்.

நுழைவுச் சீட்டு விலையைக் கேட்டதும் நான் விரல்விட்டுக் கணக்குப் பார்த்தேன். தலைக்குத் தலை காசு. போய்வரும் வான் வண்டிக்கு வேறு வாடகை. அரசாங்கச் சம்பளத்தில் அதெல்லாம் நினைக்கிற காரியமா? நீங்கள் மறுநாளே கந்தோரில் ஒரு மாதச் சீட்டுத் தொடங்கினீர்கள். அவசரக்காரர்கள் கழிவு கொடுத்து முதலில் எடுத்துக்கொள்ளட்டும், நாம் இரண்டு பேரும் சேர்ந்து கடைசிச் சீட்டு எடுப்போம், அதற்குத்தான் முழுத்தொகை கிடைக்கும் என்று கணக்குச் சொன்னீர்கள். கணக்கு சரிதான் அக்கா. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். நாம் பொறுத்திருந்து சண்டையைத்தான் கண்டோம்.

அந்தக் கோடும் அதே வாரத்தில் வந்ததுதான். ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு அரை டிக்கெட் என்று கணக்காளர் சொன்னார். எவ்வளவு உயரம் என்று கேட்டதற்கு, “என் சட்டையின்ர இந்தப் பொத்தான் வரைக்கும்” என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். விடுவீர்களா? அவரைச் சுவரோடு நிற்கவைத்து, கந்தோர்க் கோவைகளைக் கட்டுகிற சிவப்பு நாடாவால் அளந்து, பொத்தான் வந்த இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டீர்கள். அன்று பின்னேரமே நாடாவும் கையுமாக என் வீட்டுக்கு வந்து நிலையில் கோடு போட்டீர்கள். மூன்று பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்திப் பார்த்தோம். மூவரும் கோட்டுக்குக் கீழே. “இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்” என்றீர்கள். அதன்பிறகு உங்கள் இளையவன் முட்டை சாப்பிட்டால்கூட, “ரொம்பத் திங்காதடா, வளந்துருவ” என்று மிரட்டுவீர்கள். பிள்ளைகளும் அந்தக் கோட்டைப் பார்த்தால் முதுகைக் கூனிக்கொள்வார்கள். எவ்வளவு சிரித்தோம் அப்போது.

பிறகு சிரிப்புக் குறைந்தது. மணல் மூட்டைகளுக்குப் பின்னால் மறுபடி ஆள் வந்தது. வானொலியில் பஸ்ஸில் குண்டு, ரயிலில் குண்டு. பஸ்ஸில் யாராவது பையை வைத்துவிட்டு இறங்கினால் எல்லாரும் எழுந்து நின்றார்கள். எங்கள் ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி வாடகைக்கு இருந்த ஒரு தமிழ்ப் பையனை விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போனார்கள், அவன் செருப்பு வாசலில் கிடந்தபடி கிடந்தது. நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது அந்தச் செருப்பைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். வாசலில் யாராவது தட்டினால் முதலில் என் கணவரின் அடையாள அட்டை எங்கே என்றுதான் தேடுவேன். நம் கடைசிச் சீட்டுக் காசு கைக்கு வந்தது அந்த மாதம்தான்.

போக வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். நானும் அதையே சொன்னேன். அந்தக் காசில் வீட்டுக்காரர் திருத்தாத கூரையைத் திருத்தலாம், மகளுக்கு மேசை வாங்கலாம் என்று காரணங்களை அடுக்கினேன். காரணம் எல்லாம் பொய், பயம் மட்டும்தான் உண்மை. நீங்கள் என் மேசையில் சாய்ந்துகொண்டு கேட்டீர்கள்:

“புள்ளைங்ககிட்ட என்னான்னு சொல்லுவீங்க? சண்டை முடிஞ்சதும் போவோம்னா? முடியிறப்ப அதுங்களுக்குப் புள்ளை பொறந்துரும். பயத்துக்குப் பயந்து எடம் குடுத்தா, அது வீட்டுக்குள்ளயே பாய் போட்டுப் படுத்துக்கும் யாழ்ப்பாணத்தம்மா.”

அது என் வீட்டில் எப்போதோ பாய் போட்டுவிட்டது என்று நான் சொல்லவில்லை. மகள் காக்கி உடுப்பைக் கண்டால் என் சேலைக்குள் ஒளிவதை நீங்களே பார்த்திருந்தீர்கள். அவளுக்காகத்தான் கடைசியில் சம்மதித்தேன். பயத்தைத் தவிர வேறு ஒன்றையும் நான் அவளுக்குக் கொடுக்கவில்லையே என்ற யோசனை என்னைத் தின்றது.

என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அதை ஒன்றும் செய்ய ஏலாது. பொதுவாகப் பெண்களை அவ்வளவு நோண்டமாட்டார்கள் என்று மனதைத் தேற்றினோம். ஆபத்து இவருக்குத்தான். ஆனால் இவர் அட்டையில் பிறந்த இடம் பதுளை. மாமா, இவருடைய அப்பா, ரயில்வேயில் இங்கே வேலை பார்த்த காலத்தில் பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்தவர், நடக்கத் தொடங்குமுன் யாழ்ப்பாணம் போய் அங்கேயே வளர்ந்தவர். அட்டை பதுளை, வாய் யாழ்ப்பாணம். பதுளையில் பிறந்து பதுளையில் வேலை செய்யும் தமிழன் என்றால் தோட்டப்பக்கத்து ஆள் என்று விட்டுவிடுவார்கள். வாயைத் திறக்காதவரைதான்.

“மொதல்ல அட்டையப் பாப்பாங்க, பொறகு வாயப் பாப்பாங்க” என்று இவரிடம் சொன்னீர்கள்; இவரை எப்போதும் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவீர்கள். “தமிழ் தெரிஞ்ச ஆள பக்கத்துல வச்சிருக்காங்க. அதனால இந்த யாழ்ப்பாணத்து ஓம் இருக்குல்ல, அது வேணாம். ஆமாங்கன்னு சொல்லணும் சேர்.”

எங்கள் வீட்டு விறாந்தையில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பயிற்சி நடந்தது. நீங்கள் குடையைத் துவக்குப் போலப் பிடித்துக்கொண்டு ஆமிக்காரனாக நிற்பீர்கள். பஜாரில் இரும்புக்கடையில் வேலை செய்யும் உங்கள் கணவர், அதிகம் பேசாதவர், வான் சாரதியாக நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். “எங்க போறீங்க?” என்று நீங்கள் கேட்க, என் கணவர் பாடம் ஒப்பிப்பார். இவர் ஒரு காரியத்தை எடுத்தால் விடமாட்டார். ‘கதைக்கிறது’ ‘பேசுறது’ ஆனது. ‘வாங்கோ’ ‘வாங்க’ ஆனது. ‘இஞ்சை’ ‘இங்க’ ஆனது. ‘விளங்கேல்லை’ என்பதை ‘புரியலீங்க’ ஆக்க ஒரு மாதம் பிடித்தது. ஓம் மட்டும் போகவில்லை. அது சொல்லாக இருந்தால்தானே போகும், அவருக்கு அது மூச்சு. கேள்வி முடியுமுன் வாயிலிருந்து வந்துவிடும்.

“ஓம்னு சொன்னீங்கன்னா அப்புறம் நமசிவாயந்தான் பாக்கி சேர்” என்று தலையில் அடித்துக்கொள்வீர்கள். பிறகு அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். “தப்பித்தவறி ஓன்னு வந்துருச்சுன்னா ஒதட்ட மூடாதீங்க. அப்படியே ‘ஒவ்’னு இழுத்து சிங்களத்துக்குத் தாவிருங்க.” சிங்களத்தில் ‘ஆம்’ என்பதற்கு ‘ஒவ்’. உதடு மூடினால் யாழ்ப்பாணம், மூடாவிட்டால் சிங்களம். ஒரு மனிதனின் தலைவிதி உதட்டின் ஓரத்தில் நிற்கிறது என்பதை நினைத்து நான் குசினிக்குள் போய் அழுதேன். நீங்கள் விறாந்தையில் ‘ஒவ், ஒவ்’ என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

போன அன்று விடியுமுன் புறப்பட்டோம். நீங்கள் இரவோடிரவாக ரொட்டி சுட்டு, கட்டச்சம்பல் இடித்து, தேத்தண்ணியைப் போத்தல்களில் ஊற்றி மடியில் வைத்திருந்தீர்கள், வழிக்கடையில் காசு கரியாகாமல் இருக்க. அப்புத்தளையில் வான் கண்ணாடி முழுக்கப் பனி. பெரகலைச் சந்தியில் வாடகைக்கு வந்த சாரதி வானை நிறுத்தி முகம் கழுவினார். கடை வாசலில் நின்றிருந்த ஒருவர் நம் வானின் உள்ளே எட்டிப் பார்த்தார், சும்மாதான் பார்த்தார். திரும்பிவிடலாமா என்று இவரிடம் கண்ணால் கேட்டேன். அவர் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. ஆமாங்க, ஆமாங்க, ஆமாங்க என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் தடையில் சாரதியின் அனுமதிப்பத்திரத்தை மட்டும் பார்த்தார்கள். அடுத்ததில் கையசைத்துப் போகச் சொன்னார்கள். இரத்தினபுரியைத் தாண்டியதும் எனக்கே சிறிது தைரியம் வந்து மகளுக்கு ஒரு ரொட்டித் துண்டு கொடுத்தேன். அடுத்த வளைவில் சாவடி. “பஹின்ன” என்றார்கள். இறங்கு என்று அர்த்தம்.

ஆண்கள் இருவரும் சாரதியும் இறங்கினார்கள். பெண்களின் அட்டைகளை ஜன்னல் வழியாக வாங்கிக்கொண்டார்கள். ஆமிக்காரரின் பக்கத்தில் சாதாரண உடுப்பில் ஒருவர் நின்றார், கோடு போட்ட சட்டை, நன்றாக வாரிய தலை. அவர் இவருடைய அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு நல்ல தமிழில், சிநேகமாகக் கேட்டார்:

“பதுளையிலயா பொறந்தீங்க?”

இவர் வானுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நம் ஜன்னலோடு ஒட்டி நின்றார். வாய் திறப்பதை நான் பக்கவாட்டில் பார்த்தேன். ‘ஓ’ என்று வந்தது. ‘ஒவ்’ என்று தாவியிருக்கலாம். உதடு மூடியது. சத்தமே இல்லாத அளவுக்குச் சின்ன ‘ம்’. எங்கள் ஒழுங்கையில் கிடந்த செருப்புத்தான் கண்ணுக்குள் வந்தது.

அந்த ‘ம்’ முடியுமுன் என் காதோரத்தில் நீங்கள் கத்தினீர்கள்.

“ஓம்! ஓம்! பதுளைதான்! ஓம்!”

அந்த ஆள் இவரை விட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்தார். “யாரு அது?”

“நாந்தாங்க. நாந்தான் சொன்னேன்.”

“நீ எந்த ஊரு?”

“மடுல்சீமைங்க.”

“மடுல்சீமையில ஓம்னா சொல்றாங்க?” அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. “எறங்கி வா.”

உங்களைத் தகரக் கூரை போட்ட அறைக்குள் கூட்டிப்போனார்கள். உங்கள் கணவர் ஒரு அடி முன்னே வைத்தார், ஆமிக்காரர் கையைக் காட்ட நின்றுவிட்டார். உங்கள் இளையவன் ‘அம்மா’ என்று சத்தம் போட, மூத்தவன் அவன் வாயைப் பொத்தினான். வெயில் ஏறியது. எங்களுக்குப் பின்னால் வந்த வாகனங்கள் எங்களைத் தாண்டிப் போயின. அந்த அறையின் கதவில் ஒரு மஞ்சள் துண்டு காய்ந்துகொண்டிருந்தது, அதைத் தவிர வேறு எங்கும் என்னால் பார்க்க முடியவில்லை. வேண்டாத தெய்வம் இல்லை.

கடைசியில் நீங்கள் வெளியே வந்தீர்கள். அந்த ஆளும் கூடவே வந்தார். அவர் கையில் என் அட்டை இருந்தது. நேரே என் ஜன்னலுக்கு வந்து, பிறந்த இடத்தின்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு கேட்டார்:

“இவங்களுக்கு இந்த ஓம் ஒங்ககிட்ட இருந்துதான் தொத்துச்சாமே? பக்கத்து மேசையாமே, அப்படியா?”

என் வாய் எப்படித் திறந்தது என்று இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி எனக்கு இல்லை, இவருக்குத்தான். நான் குசினியில் இருந்து கேட்டதோடு சரி.

“ஆமாங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார். “தோட்டத்துக்காரி ஓங்கிறா, யாழ்ப்பாணத்துக்காரி ஆமாங்குறா. நல்ல கந்தோருதான்” என்று சொல்லி அட்டையை ஜன்னல் வழியாக நீட்டினார். பிறகு இவரை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது அக்கா. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. விளங்கிக்கொண்டுதான், போ என்று தலையை ஆட்டினார். ஏன் விட்டார் என்று எனக்குத் தெரியாது. வேறு ஒரு நாளாக இருந்தால், வேறு ஒரு ஆளாக இருந்தால் என்ற யோசனை மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

வான் ஓடத் தொடங்கியதும் இவர் முகத்தை மூடிக்கொண்டார். திரும்பிப் போவோம் என்றேன். “திரும்பிப் போனாலும் அதே சாவடிதானே” என்றீர்கள். “வந்தது வந்தாச்சு. என்னமோ தோட்டத்தப் பத்திக் கேட்டான், சொன்னேன். ரொட்டி எங்க?” பேச்சு அவ்வளவோடு முடிந்தது.

பூங்கா வாசலில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகின்றன. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் பெரிய சிவப்புக் கோடு. சீருடை போட்ட காவலாளி என் மகளை உயரம் பார்க்கக் கூப்பிட்டார். அவள் பலகைக்கு முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் மேலே தூக்கினாள், உடம்பைச் சோதிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று. அதைப் பார்த்து உங்கள் பையன்களும் பின்னால் வரிசையாக நின்று கைகளைத் தூக்கினார்கள். காவலாளி சிங்களத்தில் என்னவோ கேட்டார், வயது கேட்டிருக்க வேண்டும். “ஆமாங்க” என்றாள் மகள். அவர் சங்கடப்பட்டு, குனிந்து அவள் கைகளை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டார்.

அந்தச் சிவப்புக் கோடு நம் கோட்டைவிட ஒரு சாண் கீழே இருந்தது. மூன்று பிள்ளைகளும் எப்போதோ அதைத் தாண்டியிருந்தார்கள். கணக்காளர் எந்தப் பொத்தானைத் தொட்டாரோ. அரை டிக்கெட் நமக்கு ஒரு நாளும் இருக்கவில்லை. முட்டையைக் குறைத்ததும் முதுகைக் கூனியதும் வீண். மதியச் சாப்பாட்டுக்கு ஒதுக்கியதும் டிக்கெட்டுக்கே போனது. “அந்த மனுசன் சட்டைய நாளைக்கு கழட்டுறேன் பாருங்க” என்றீர்கள்.

பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். இவரும் உங்கள் கணவரும் அவர்களின் பின்னால் போனார்கள். நாம் இரண்டு பேரும் செருப்புகளையும் பைகளையும் காவல் காத்துக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். சறுக்குமலை உச்சியில் பிள்ளைகள் ஒவ்வொருவராக வீறிட்டுக்கொண்டு விழுந்தார்கள். ஒவ்வொரு சத்தத்துக்கும் நாம் இருவரும் எழுந்து நின்றோம். எழுந்து, ஒருவரை ஒருவர் பார்த்து, உட்கார்ந்தோம். கும்மாளத்துக்கும் அலறலுக்கும் வித்தியாசம் நம் காதுக்குத் தெரியாமல் போயிருந்தது. நீங்களும் ஏறுங்கள் அக்கா, காசு கொடுத்தாயிற்றே என்றேன். “காலைல ஆடுனதே போதும்” என்றீர்கள். தேத்தண்ணிப் போத்தலின் மூடியைத் திருக உங்களால் முடியவில்லை, விரல்கள் அப்படி உதறின. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். நீங்கள் குடித்துவிட்டு, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “பேனைக்குக் காய்ச்சல்” என்றீர்கள்.

அன்றிலிருந்து நாம் இடம் மாறிக்கொண்டோம். கந்தோரில் நான் எதைக் கேட்டாலும் நீங்கள் ‘ஓம்’ என்பீர்கள், பகிடிக்கு, என்னைச் சிரிக்க வைக்க. எனக்கு அது பகிடியாக இல்லை. தெரியாத ஆள் என்ன கேட்டாலும் ‘ஆமாங்க’ என்று சொல்லப் பழகிவிட்டேன். பஸ்ஸில், வங்கியில், ஆஸ்பத்திரி வரிசையில். சண்டை முடிந்து சாவடிகள் எல்லாம் போன பிறகும், சாவடி இருந்த இடத்தில் மரக்கறிக் கடை வந்த பிறகும் அது போகவில்லை. மகள் இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். போன மாதம் தன் பிள்ளையை அங்கே உலகப் பெயர்பெற்ற பெரிய பூங்கா ஒன்றுக்குக் கூட்டிப்போகத் திட்டம் போட்டுத் தொலைபேசியில் சொன்னாள். எந்த மாதம் போனால் மலிவு, எந்த விடுதி, எந்த விளையாட்டுக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று அடுக்கினாள். வழியில் என்ன ஆபத்து என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் கேட்டேன். “என்னம்மா ஆபத்து?” என்று அவள் திருப்பிக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதோடு, அவள் கொஞ்சம் பயப்படக் கூடாதா என்று ஒரு நடுக்கமும் இருந்தது.

தகர அறைக்குள் நடந்ததை நீங்கள் சொன்னது பதுளை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான். நோய் முற்றியிருந்தது. நான் ஓறஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். கேளாமலேயே தொடங்கினீர்கள்.

“அவன் எங்க ஆளுதான், தெரியுமா? தோட்டத்துல பொறந்தவன். காலைல பெரட்டுக்கு தப்படிப்பாங்களான்னு கேட்டான். பெரட்டுன்னா வேலைக்குப் பேர் குடுக்குற எடம். ஆமான்னு சொல்லிருந்தா மாட்டிருப்பேன். எங்க தோட்டத்துல தப்பு மேளம் கெடையாதுங்க, சங்குதான் ஊதும்னேன். அப்புறம் சங்கு எப்படி ஊதும்னு கேட்டான். நான் ஊதிக் காட்டுனேன். அந்த ரூம்ல நின்னு, ஊ...ன்னு. அவன் கண்ண மூடிக் கேட்டான். அதான் யாழ்ப்பாணத்தம்மா எனக்குத் தாங்க முடியல. வேத்தாளா இருந்தா ஏமாத்திறலாம். நம்ம பேச்சு தெரிஞ்சவன என்னா பண்றது?”

“பயந்தீங்களா அக்கா?”

நீங்கள் கூரையைப் பார்த்தீர்கள். பகிடி இல்லை அந்த முகத்தில்.

“ஓம்” என்றீர்கள்.

“இப்ப?”

“இப்பவும் ஓம்.”

நான் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். நானும் பயந்துபோய்த்தான் இருந்தேன், நீங்கள் போய்விடுவீர்கள் என்று. போய்விட்டீர்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பெயின்ட் அடிப்பவர் வாசலில் இருந்து கூப்பிட்டார். நிலை முழுவதும் தேய்த்தாயிற்று, உங்கள் கோட்டை மட்டும் விட்டிருக்கிறார். கோப்பையை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஏதோ யோசித்தவராகக் கேட்டார்: “கேக்கணும்னு நெனச்சேன். மிஸ் யாழ்ப்பாணத்து ஆளுங்களா?”

அந்தப் பழைய பயம் எழுந்தது. எத்தனை வருடமானால் என்ன, முதலில் அதுதான் வருகிறது. வாய் தானாக ‘ஆ’ என்று திறந்தது. அதை அப்படியே விட்டிருக்கலாம், இரண்டு சொல்லுக்கும் அர்த்தம் ஒன்றுதான். ஆனால் கண்ணுக்கு நேரே உங்கள் கையெழுத்து இருந்தது. கோப்பையை நிலையடியில் வைத்தேன்.

“ஓம்” என்றேன் அக்கா. அன்று நீங்கள் என் காதோரத்தில் கத்தினீர்களே, அந்தச் சத்தத்தில்.